பூட்டிய தியேட்டர்கள்: வாசகர் கேள்வி – பதில்

மதுரையில் மூடிப்போன சினிமா தியேட்டர்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த விஷயம் பலருடைய மனதில் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது என்று தெரிகிறது. எல்லாவற்றுக்கும் இடம் இல்லை, அதனால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் பதினைந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கும் தியேட்டரை விற்றுவிட்டார்கள், சீக்கிரம் இடிக்கப் போகிறார்கள் என்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கிறதா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

உண்மையைச் சொன்னால், தனியார் இடமாக இருந்தால் பெரும்பாலும் இல்லை. ஊர் நடுவில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் இடம், தியேட்டரில் வரும்படி கிடையாது, சொந்தக்காரருடைய பிள்ளைகளோ ஆளுக்கொரு ஊரில். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தப்பித்த கட்டடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அதற்கு வேறு ஒரு உபயோகம் கிடைத்திருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர் கொஞ்ச காலம்தான் ஓடியது, ஆனால் தபால் துறையின் கைக்குப் போனதால் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. இங்கே நம் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா எட்வர்டு ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நூலகம், சாயங்காலமானால் அதே கட்டடத்தில் ரீகல் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் என்று பல வருடம் நடந்தது. ஒரே கட்டடம் இரண்டு வேலை பார்த்தது.

உங்கள் ஊரில் அப்படி ஒரு உபயோகத்துக்கு வழி இல்லை என்றால், இடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் உள்ளே போய்ப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். "வீடியோ எடுத்து கேஸ் போடப் போகிறான்" என்று சொந்தக்காரர் பயப்படக்கூடும். அதனால் ஊரில் அவருக்குப் பழக்கமான ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இடிக்கிற காண்ட்ராக்டரிடமும் சொல்லி வையுங்கள், பல சமயம் சொந்தக்காரரை விட அவர்தான் ஒத்துழைப்பார்.

உள்ளே போனதும் எல்லோரும் திரையையும் காலி நாற்காலிகளையும்தான் எடுப்பார்கள். அதையும் எடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கை மட்டும் நுழைகிற டிக்கெட் கவுண்டர் ஓட்டை, அதற்கு முன்னால் கம்பி போட்ட வரிசைக் கூண்டு, கட்டண விவரம் எழுதின பலகை, நாற்காலி முதுகில் பெயிண்டில் எழுதின எண், படம் ஓட்டும் ஆபரேட்டரின் அறைச் சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல்கள், அந்த அறைக்கு வெளியிலிருந்தே ஏறுகிற படி, சோடா கலர் விற்ற இடம், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் வேண்டும். முகப்பில் திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், சுண்ணாம்பு அடித்து மறைந்திருக்கும், ஈரத் துணியால் மெல்லத் துடைத்தால் எழுத்து தெரியும். ஒரு டேப் வைத்து நீளம் அகலம் அளந்து பேப்பரில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள், எந்த வகுப்பு எங்கே முடிந்தது என்பதை அதில் குறியுங்கள். தியேட்டர் பெயர் எழுதின பலகை பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் விலை கேட்டு வாங்க முடிந்தால் வாங்கி ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்.

தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று என் மாமனார் அடிக்கடி சொல்வார். உண்மையா, இல்லை மதுரைக்காரர்கள் பெருமையா?
– ஒரு வாசகி, வில்லாபுரம்

2,563 பேர் உட்காரலாம் என்பதும், 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது என்பதும் பலரும் எழுதி வைத்த விவரம். அந்த 'ஆசியாவிலேயே' என்பது அப்போதிருந்து ஊர் சொல்லி வந்த பேச்சு. அந்தத் தியேட்டர் இடிந்து அந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது.

அதைவிட நான் உங்கள் மாமனாரிடம் வேறு ஒன்றைக் கேட்கச் சொல்வேன். இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் என்ன ஆகும்? அடுத்த காட்சிக்கு நிற்கிறவர்கள் எங்கே நின்றார்கள்? கடைசி வரிசையில் இருந்தவருக்கு முகம் தெரிந்ததா? எத்தனை சீட் என்பது புத்தகத்தில் கிடைத்துவிடும். இதெல்லாம் அங்கே போய் நின்ற ஆட்களிடம்தான் கிடைக்கும், அவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

சிந்தாமணி தியேட்டரையும் சேர்த்துக் கேளுங்கள். தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி' 1937-ல் வந்தது, எடுத்தவர்கள் மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள், அந்த லாபத்தில் எழும்பிய தியேட்டருக்குப் படத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரு படம் தன் பெயரில் ஒரு கட்டடத்தையே விட்டுப் போனது என்றால் அது நம் ஊரில்தான் நடந்தது.

என் அப்பா 1960-களிலிருந்து டவுனிலும் சுற்றுப்பட்டிலும் ஆபரேட்டராக இருந்தவர். இப்போது வயது எண்பத்தி இரண்டு. அவரிடம் பேசிப் பதிவு செய்யலாம் என்று ஆசை. "நான் என்னத்தடா சொல்றது, படம் ஓட்டினேன், அவ்வளவுதான்" என்கிறார். எப்படிக் கேட்பது?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

தம்பி, இந்த இதழுக்கு வந்ததிலேயே முக்கியமான கடிதம் உங்களுடையதுதான். நடிகர்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. அந்த நடிகரைத் திரையில் காட்டிய ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்தவர் அபூர்வம். தியேட்டர் வரலாறு என்றால் என்னைப் பொறுத்தவரை முதலில் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களின் வரலாறு. டிக்கெட் கிழித்தவர், கேன்டீன் போட்டவர், போஸ்டர் ஒட்டியவர், தட்டி கட்டிய வண்டியில் மைக் பிடித்து ஊர் சுற்றியவர், கூட்டிப் பெருக்கிய அம்மா, எல்லோருக்கும் மேலே புகை அறையில் தனியாக நின்ற உங்கள் அப்பா.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டால் "அவ்வளவுதான்" என்றுதான் பதில் வரும். அவர் கை செய்த வேலையைக் கேளுங்கள். கார்பன் குச்சியை எப்படி மாட்டுவீர்கள் என்று ஆரம்பியுங்கள். அந்தக் காலப் புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை ஒன்றையொன்று தொடவைத்து இழுத்தால் நடுவில் வெள்ளையாக ஒரு சுடர் நிற்கும், அந்த வெளிச்சம்தான் திரைக்குப் போனது. குச்சி எரிய எரிய இடைவெளி அதிகமாகும், அதனால் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே திருகைத் திருகி இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். புகை போகக் கூரைக்கு மேலே குழாய் இருக்கும். சித்திரை மாதத்து மேட்னியில் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று அவரைக் கேளுங்கள்.

அப்புறம் ரீல் மாற்றுவது. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் பதினொரு நிமிடம்தான் ஓடும். இரண்டு மெஷின் இருந்தால் ஒன்று ஓடி முடியும்போது அடுத்ததை ஓட்டிவிட வேண்டும், கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடாது. படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும், அது வந்ததும் அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும், சில நொடியில் இரண்டாவது புள்ளி வரும், அப்போது மாற்ற வேண்டும். நாம் எல்லோரும் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறோம், எதற்கு என்று தெரியாது. சின்ன ஊர்த் தியேட்டரில் ஒரே மெஷின்தான் இருந்தது என்றால் ரீலுக்கு ரீல் விளக்குப் போட்டார்களா, ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பிலிம் அறுந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள், பிளேடால் சுரண்டி, சிமெண்டு என்று அவர்கள் சொல்லும் பசையைத் தடவி, விரலால் அழுத்தி ஒட்டுவார்கள், அதைச் சொல்லும்போது அவர் விரல்கள் தானாகவே அந்த வேலையைச் செய்து காட்டும். அதை வீடியோவில் பிடித்துவிடுங்கள்.

படத்தின் ஒரே பிரதியை (பிரிண்டை) வைத்து இரண்டு தியேட்டரில் ஓட்டிய கதை அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். இங்கே ஓடி முடிந்த ரீலை ஒரு பையன் சைக்கிளில் வைத்து அந்தத் தியேட்டருக்கு மிதிப்பான், ரயில்வே கேட் போட்டுவிட்டால் அங்கே கூட்டம் கத்தும். அந்தச் சைக்கிள் பையன்களில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், அடுத்த பேட்டி அவருடையதாக இருக்கட்டும்.

சம்பளத்தைக் கேளுங்கள், அதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். மாதம் எவ்வளவு, இரண்டாம் ஆட்டம் முடிந்து எப்படி வீட்டுக்கு வந்தார், தீபாவளி பொங்கலுக்கு எல்லோரும் படம் பார்க்க வரும்போது அவர் வீட்டில் பண்டிகை எப்படி நடந்தது. இதை உங்கள் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், அவர் சொல்வது வேறாக இருக்கும். பிலிம் பெட்டி வருவது நின்று எல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோது அவருக்கு வேலை போனதா, வேறு வேலை கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். 2010-ஐ ஒட்டிய சில வருடங்களில் ஒரு தொழிலே சத்தமில்லாமல் முடிந்துபோனது, அதைப் பற்றி அந்தத் தொழில்காரர்கள் வாயால் சொன்ன பதிவு நம்மிடம் ரொம்பக் குறைவு.

ஒரே மூச்சில் உட்காரவைத்துக் கேட்க வேண்டாம். அரைமணி நேரம் போதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆரம்பத்தில் தேதி, ஊர், அவர் பெயர், எந்தெந்தத் தியேட்டர் என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். தேதி இல்லாத பதிவு பத்து வருடம் கழித்துப் பாதி மதிப்புதான்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் ஊரில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பழைய பவுலிங் கூடம் ஒன்றை மூடியபோது, ஊர்க்காரர்கள் கூடி அதன் ஸ்கோர் தாள், கோப்பை, போட்டோவெல்லாம் சேகரித்தார்களாம். ஒரு விளையாட்டுக் கூடத்துக்கு இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியம்.
– ஒரு வாசகர், அண்ணா நகர், மதுரை

ஆச்சரியப்பட வேண்டியதில்லை ஐயா, நமக்கு சாயங்காலம் தியேட்டர் எப்படியோ அவர்கள் ஊர்த் தொழிலாளிகளுக்கு அந்தக் கூடம் அப்படி. ஆலை ஆலையாக, சர்ச் சர்ச்சாக அணி வைத்து வாரம் ஒருநாள் ஆடுவார்கள், அணிக்குச் சட்டையில் பெயர் தைத்திருக்கும். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் சுமார் 12,000 பவுலிங் கூடங்கள் இருந்தன, இன்று அதில் பாதிகூட இல்லை. காரணமும் நமக்குப் பழக்கமானதுதான், பெரிய இடம், ஏறும் நில மதிப்பு, குறையும் கூட்டம்.

அவர்களிடமிருந்து ஒரு விஷயம் கற்றுக்கொள்ளலாம். உருட்டிவிட்ட பந்து பத்துக் கட்டைகளைச் சாய்க்கும், அவற்றை மறுபடி நிறுத்த வேண்டும். 1950-களில் அதற்கு மெஷின் பரவும் வரை கூடத்தின் கடைசியில் குழிக்கு மேலே உட்கார்ந்திருந்த பையன்கள்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குதித்து இறங்கிக் கட்டைகளை அடுக்கினார்கள், பறந்து வரும் கட்டையில் அடியும் பட்டார்கள். மில்வாக்கி ஊரில் 1908-லிருந்து நடக்கும் ஹாலர் ஹவுஸ் என்ற மதுக்கடையின் நிலவறையில் பந்து உருட்ட இரண்டே தடங்கள், அங்கே இன்றும் ஆள்தான் அடுக்குகிறார். டெக்சாஸில் ஆர்லிங்டனில் இந்த விளையாட்டுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எல்லாம் இருந்தும், ஊர் ஊராக மூடிய சின்னக் கூடங்களின் கதையை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டியிருக்கிறது, பெரிய அருங்காட்சியகம் அதைச் செய்யாது. உங்கள் மகள் ஊரில் நடந்தது அதுதான். நம் ஊருக்கும் அதே கதிதான், சென்னையிலிருந்து யாரும் வந்து பேரையூர்த் தியேட்டரைப் பற்றி எழுதப் போவதில்லை.

தாத்தா பீரோவில் பழைய சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், டிக்கெட் எல்லாம் ஒரு கட்டு இருக்கிறது. எடுத்தாலே உதிர்கிறது. லேமினேட் செய்துவிடலாமா?
– ஒரு வாசகி, மேலூர்

வேண்டவே வேண்டாம் அம்மா. லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் காகிதம் கெடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சள் கறையாகி எழுத்தைத் தின்றுவிடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் துரு இறங்கும் முன் பையக் கழற்றுங்கள். வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுங்கள், இரண்டு பக்கமும். நோட்டீஸின் பின்பக்கத்தில் தாத்தா பால் கணக்கு எழுதியிருந்தால் அதுவும் வரலாறுதான். படம் எடுத்த பிறகு வெள்ளைக் காகிதத்துக்குள் ஒவ்வொன்றாக வைத்து, தரையிலிருந்து உயரமாக, பூச்சியும் ஈரமும் வராத இடத்தில் வையுங்கள்.

டிக்கெட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தியேட்டர் பெயர், வகுப்பு, கட்டணம், கேளிக்கை வரி, சீல் என்று அந்தத் துண்டுக் காகிதத்தில் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது. நோட்டீஸ் பாட்டுப் புத்தகமாவது நிறைய அச்சடித்தார்கள், டிக்கெட்டைக் கிழித்துத் தூக்கிப் போட்டோம். இன்னொன்று, சமீப காலத்து கம்ப்யூட்டர் டிக்கெட் வைத்திருந்தால் அதை முதலில் படம் எடுங்கள், அந்த வழவழ காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மறைந்துவிடும், தாத்தா டிக்கெட்டுக்கு முன்னால் உங்கள் டிக்கெட் வெள்ளையாகிவிடும். இடைவேளையில் காட்டிய விளம்பரக் கண்ணாடி சிலைடு ஏதும் அகப்பட்டால், லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து அதன் முன்னால் பிடித்துப் படம் எடுக்கலாம்.

எங்கள் ஊர்த் தியேட்டர் எந்த வருடம் திறந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை

முதல் படம் எது என்று கேளுங்கள். வருடம் மறந்தவர்களுக்கும் முதலில் பார்த்த படம் மறக்காது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சின்ன ஊருக்குப் படம் ஒரு வருடம், இரண்டு வருடம் தாமதமாகத்தான் வந்தது, சில ஊரில் பழைய படத்தோடுதான் திறந்தார்கள்.

அடுத்தது பத்திரிகை விளம்பரம். பட வெளியீட்டு விளம்பரத்திலும் ஐம்பதாவது நாள், நூறாவது நாள் விளம்பரத்திலும் தியேட்டர் பெயர்கள் வரிசையாக இருக்கும். தினத்தந்தி 1942-ல் மதுரையில்தான் ஆரம்பித்தது என்பதை ஞாபகம் வையுங்கள், நம் பகுதித் தியேட்டர்கள் அதில் அதிகம் வந்திருக்கும். ஒரு பெயர் முதலில் தட்டுப்படும் தேதியையும் கடைசியாகத் தட்டுப்படும் தேதியையும் குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, லைசென்ஸ். 1955-ஆம் வருடத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி தியேட்டர் உரிமத்தை மாவட்ட ஆட்சியர்தான் கொடுக்க வேண்டும், தியேட்டர்காரர்கள் அதை 'சி ஃபார்ம்' என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, இன்ன ஊர், இன்ன தியேட்டர், உரிமம் முதலில் கொடுத்த தேதியும் கடைசியாகப் புதுப்பித்த தேதியும் வேண்டும் என்று கேளுங்கள். கேள்வி சின்னதாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள், ஒன்றை நீங்களாகத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் இருந்தது டூரிங் டாக்கீஸ். கட்டடமே கிடையாது, கீற்றுக் கொட்டகை. இப்போது அந்த இடம் கல்யாண மண்டபம். இதில் எதைச் சேகரிப்பது?
– ஒரு வாசகர், சோழவந்தான்

இடத்தைச் சேகரியுங்கள். நாலு பெரியவர்களை அந்த மண்டபத்து வாசலில் நிறுத்தி, திரை எந்தப் பக்கம், டிக்கெட் எங்கே கொடுத்தார்கள், பெண்கள் எந்த வழியாக உள்ளே போனார்கள், சாயங்காலம் பிள்ளையார் பாட்டு போடும் குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, அது எந்தெந்த ஊருக்குக் கேட்டது என்று கேட்டு வரைபடத்தில் போடுங்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள், அந்தச் சண்டையையும் பதிவு செய்யுங்கள், அதில்தான் விவரம் வரும்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். தரை, பெஞ்சு, சேர் என்று காசை வைத்துப் பிரித்தது எல்லோருக்கும் தெரியும், காசைத் தவிர வேறு எதை வைத்தாவது பிரித்தார்களா, ஊருக்குள் டீக்கடையில் ஒன்றாக உட்கார முடியாதவர்கள் கொட்டகை மணலில் ஒன்றாக உட்கார்ந்தார்களா, இல்லை அங்கேயும் ஒதுக்கினார்களா? ஊருக்கு ஊர் பதில் வேறாக இருக்கும். எல்லாத் தெருவிலும் போய்க் கேட்டால்தான் உண்மை வரும், ஒரு தெருவோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கோவில் கல்வெட்டையே படிக்க ஆள் இல்லாத ஊரில் சினிமாக் கொட்டகைக்கு வரலாறு எதற்கு?
– ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

இரண்டும் வேண்டும். கல்வெட்டு இன்னும் நூறு வருடம் காத்திருக்கும், எண்பது வயது ஆபரேட்டர் காத்திருக்க மாட்டார்.

நான் சேர்த்ததையெல்லாம் கடைசியில் யாரிடம் கொடுப்பது? என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை.
– ஒரு வாசகர், பழங்காநத்தம்

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகமும் நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும்தான் அதற்கு அடித்தளம். அவர் 1992-ல் காலமானார், 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, ஆனாலும் அது தமிழ்நாட்டிலேயே தங்கி, இன்று உலகெங்குமிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்குப் பயன்படுகிறது. பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் செய்ததுதான் இது, அதனால் "நம்மால் என்ன ஆகும்" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கொடுக்கும் முன் ஒரு பட்டியல் எழுதுங்கள்: என்ன பொருள், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், எந்த வருடத்தைச் சேர்ந்தது. பட்டியல் இல்லாத மூட்டையை எந்த நூலகமும் தயங்கித்தான் வாங்கும். பேட்டிப் பதிவாக இருந்தால் பேசியவரின் சம்மதத்தையும் அவர் குரலிலேயே வாங்கிச் சேர்த்துவிடுங்கள். படங்களின் நகல் ஒன்று உங்களிடம், ஒன்று உள்ளூர் நூலகத்தில், ஒன்று இணையத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இன்று ஆர்வம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், பட்டியலின் ஒரு பிரதியை மட்டும் அவர்களிடம் கொடுத்து எது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.